இரண்டு ஊருக்கும் ஒரே பச்சை

மழை பெய்தால் எங்கள் ஆய்வுக்கு நல்லது. மழை நாளில் வெடிமருந்து காயாது. பட்டாசுக் கம்பெனிகள் வேலை வைக்காது, தாயில்பட்டிப் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். வானம் மூட்டமாக விடிந்தால் டாக்டர் எனக்கு போன் செய்வாள். நான் விருதுநகரில் பஸ் ஏறி சிவகாசியில் இறங்குவேன். அங்கிருந்து அவள் காரில், ஊசிப் பெட்டியும் நர்ஸுமாக, தாயில்பட்டி சமுதாயக் கூடத்துக்குப் போவோம்.

டாக்டர் என்று எழுதினாலும் எனக்கு அவள் பள்ளித் தோழி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவள் மருத்துவம் முடித்து சிவகாசியில் சின்ன கிளினிக் வைத்தாள். நான் புள்ளியியல் படித்து, அதிலேயே முனைவர் பட்டம் வாங்கி, விருதுநகர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எவ்வளவு தரவு கையில் இருந்தால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் என் ஆராய்ச்சி. வீட்டில் யாராவது என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் விளக்க முயன்று பாதியில் விட்டுவிடுவேன்.

எங்கள் இருவரையும் ஒரே வேலையில் சேர்த்தது ஒரு செல்போன் செயலி. கீழ் இமையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இருக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்த இடம் வெளுத்துத் தெரியும். டாக்டர்கள் காலங்காலமாகக் கண்ணால் பார்த்துச் சொல்லிவருவதுதான். பெருநகரத்து ஆய்வுக்குழு ஒன்று ஏராளமான இமைப் படங்களைக் காட்டி இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. போனில் படம் எடுத்தால் திரையில் நிறம் வரும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வசதி குறைந்த ஊர்களில், யாருக்கு முதலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என்று முடிவு செய்ய இது உதவும் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் பக்கத்திலும் இது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி எங்களைக் கேட்டிருந்தார்கள். அதனால் சோதனைக் காலம் முழுக்க, பச்சை வந்தாலும் மஞ்சள் வந்தாலும் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தோம். லேப் ரிப்போர்ட்டையும் திரையின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை.

இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று தாயில்பட்டி. மற்றது திருத்தங்கலில் காலண்டரும் டைரியும் போடும் ஓர் அச்சகம். அதன் பைண்டிங் பிரிவில் பெண்கள்தான் அதிகம்.

தாயில்பட்டியில் எங்களுக்கு ஆள் சேர்த்துக்கொடுத்தவர் ஓர் அக்கா. கம்பெனி வேனுக்கு ஆள் சேர்ப்பதும் அவர்தான் என்பதால் யார் எந்தக் கம்பெனியில் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். குரல் கூடத்தின் மறுகோடி வரை கேட்கும். முதல் நாளே என்னை நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். விருதுநகரில் தம்பி உளுந்து மில் வைத்திருக்கிறான் என்றேன். "யாவாரிக வீடா" என்று மட்டும் சொன்னார். அன்று மதியம் வரை என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. டாக்டரிடம் மட்டும் பேசினார்.

அந்த அக்காவின் தங்கைக்குத்தான் பச்சை வந்தது.

தங்கைக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. தரைச்சக்கரப் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை. திரையில் பச்சையைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாள். நல்லதுதான் என்று நர்ஸ் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். லேப் ரிப்போர்ட் வருவதற்குள் மழை விட்டு வெயில் அடித்துவிட்டது. அவள் வேலைக்குப் போனாள். கம்பெனி வாசலில் வேனைவிட்டு இறங்கும்போதே மயங்கி விழுந்தாள். அதே நாள் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அவளைக் காரில் ஏற்றி விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ரத்தம் ஏற்றினார்கள்.

மறுநாள் அக்கா கிளினிக்குக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"திருத்தங்கல்லயும் இதே போனத்தான கொண்டு போறீக? அங்கன இப்படி யாருக்கும் ஆச்சா? இல்ல, எங்களுக்கு மட்டுந்தானா?"

தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"எங்க தெருவுல பச்சை வந்தவளுகள்ல இன்னும் ரெண்டு மூணு பேருக்கு ரத்தம் கம்மின்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இது எங்களப் பாத்தா ஒண்ணு சொல்லுது, அவுகளப் பாத்தா ஒண்ணு சொல்லுது. நீங்க பாத்துட்டு வாங்க. ஆனா உள்ளத சொல்லணும்."

அதே வாரத்தில் அச்சகத்து முதலாளியும் கூப்பிட்டுவிட்டார். மரியாதையான மனிதர். காபி வரவழைத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மஞ்சள் வந்த பெண்களை ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்டர் உடனே கிளினிக்குக்கு வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறார்கள் என்றார். காலண்டர் சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. பெண்களும் பயந்துபோய் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். "உங்க மிஷினு எங்காளுகளுக்குச் சும்மா சும்மா மஞ்சக்கொடி காட்டுதும்மா" என்றார்.

ஆக, ஒரு பக்கம் பச்சையை நம்ப முடியவில்லை, இன்னொரு பக்கம் மஞ்சளை நம்ப முடியவில்லை. அன்று மாலையே கணக்கைப் போட்டேன். என் மனதில் அக்கா பக்கம்தான் சாய்வு இருந்தது. செயலி கற்றுக்கொண்ட படங்கள் வேறு ஊர்ப் பெண்களுடையவை, வெயிலிலும் புகையிலும் வேலை செய்யும் முகங்கள் அதில் குறைவாக இருந்திருக்கும், அதனால் தாயில்பட்டியில் அதிகம் தவறவிடுகிறது என்று எதிர்பார்த்தேன். கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன்.

கணக்கு வேறு மாதிரி வந்தது. உண்மையில் ரத்தசோகை இருந்தவர்களில் எத்தனை பங்கு பேரைச் செயலி தவறவிட்டது என்று பார்த்தால், இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நன்றாக இருந்தவர்களில் எத்தனை பங்கு பேரை வீணாகப் பயமுறுத்தியது என்று பார்த்தாலும் ஒன்றுதான். செயலிக்கு அவர்கள் ஊர் தெரியவில்லை, முதலாளி தெரியவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே அளவுக்குத்தான் தப்பு செய்திருக்கிறது.

ஆனால் அக்கா சொன்னதும் பொய்யில்லை. பச்சை வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், தாயில்பட்டிப் பச்சைக்குள் நோய் ஒளிந்திருந்த பெண்கள் திருத்தங்கலைவிட நிறைய. முதலாளி சொன்னதும் பொய்யில்லை. மஞ்சளை மட்டும் பார்த்தால் திருத்தங்கலில் பாதிக்கு மேல் வீண்தான்.

இரண்டு புகாரும் சரி, செயலியும் நடுநிலை என்றால் அது எப்படி? எந்த அளவு வெளுப்புக்கு மேல் மஞ்சள் காட்ட வேண்டும் என்ற எல்லையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். தாயில்பட்டிக்குத் தனி எல்லை, திருத்தங்கலுக்குத் தனி எல்லை வைத்தேன். பச்சையின் நம்பகத்தை இரண்டு ஊருக்கும் சமமாக்கினால், தவறவிடும் பங்கு சமமில்லாமல் போனது. தவறவிடும் பங்கைச் சமமாக்கினால் பச்சை மறுபடி பிரிந்தது. பாயை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கால் வெளியே வந்தது. படங்களின் வெளிச்சம், போனின் கேமரா, யார் எடுத்த படம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். எதுவும் காரணமாக அமையவில்லை.

இடையில் ஒரு நாள் தம்பியின் மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டு விஷயமாக அவனிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அவன் கலர் சார்ட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உளுந்தம்பருப்பு மேலிருந்து அருவி மாதிரி விழும். கேமரா ஒவ்வொரு பருப்பையும் பார்க்கும். தோல் ஒட்டியதோ நிறம் மாறியதோ வந்தால் காற்றை ஊதி ஒதுக்கித் தள்ளும். சின்ன வயதில் நாங்கள் சுளகில் புடைத்துப் பொறுக்கியதை இப்போது அது செய்கிறது. தள்ளிய பருப்பு விழும் தொட்டியை எட்டிப்பார்த்தேன். பெரும்பாலும் வெள்ளை வெளேரென்ற நல்ல பருப்பு.

ஏன் நல்லதைத் தள்ளுகிறது, ரிப்பேரா என்று கேட்டேன்.

"ரிப்பேரெல்லாம் இல்லக்கா. இது சுத்தமான லோடு. கெட்டதே கொஞ்சந்தான். அதான் தள்ளுனதுல நல்லதா கெடக்கு."

"நேத்து?"

"நேத்து வந்தது மட்டமான லோடு. தொட்டி பூரா கறுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா மூட்டைக்குள்ளயும் கொஞ்சம் கறுப்பு போயிருச்சு. செட்டிங் அதேதான், நான் தொடல."

கையெழுத்தை வாங்கிக்கொள்ளாமலே அங்கே ரொம்ப நேரம் நின்றேன். அதே இயந்திரம், அதே அளவு தவறு. லோடு மாறியதும் தொட்டியிலும் மூட்டையிலும் கிடப்பது மாறுகிறது. சுத்தமான லோடில் தள்ளப்பட்டதை நம்ப முடியாது, மட்டமான லோடில் தேறியதை நம்ப முடியாது. திருத்தங்கலின் மஞ்சளும் தாயில்பட்டியின் பச்சையும் இவைதான். தாயில்பட்டியில் ரத்தசோகை பரவலாக இருக்கிறது, அச்சகத்தில் குறைவாக இருக்கிறது. அந்த வித்தியாசம் இருக்கும் வரை, தப்பே செய்யாத செயலி ஒன்று வந்தாலொழிய, எல்லா விதத்திலும் சமமாக இருக்க எந்தச் செயலியாலும் முடியாது.

இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. என் துறையில் எல்லோரும் அறிந்த எல்லை. வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு நிரூபித்தும் காட்டியிருக்கிறேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் மறுபடி போட்டுப் பார்த்தேன். நான்கே வரியில் முடிந்துவிட்டது. முடிந்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. மாறாக, பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொல்லலாமா என்ற அளவுக்கு ஒரு குறுகுறுப்பு. செயலியின் கோளாறு என்று நான் தேடிக்கொண்டிருந்தது செயலிக்குள்ளேயே இல்லை. அது தாயில்பட்டிப் பெண்களின் சாப்பாட்டிலும் வேலையிலும் பிரசவங்களிலும் இருந்தது. கணக்கு அதை மறைக்க முடியாமல் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனால் அக்காவின் தங்கை விஷயம் இதில் அடங்கவில்லை. மற்ற பச்சைகளுக்கு இந்த விளக்கம் போதும். அவளுடைய ரத்த அளவோ மிகக் கீழே இருந்தது. அவ்வளவு கீழே போனவர்களைச் செயலி வேறெங்கும் தவறவிட்டதில்லை. அவள் இமைப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளுப்பே இல்லை, நல்ல சிவப்பு. டாக்டருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இது ரத்தத்தோட சிவப்பு இல்லடி. கண்ணு உறுத்திப்போய் செவந்திருக்கு. மருந்துப் பொடி பட்டு இருக்கும். நான் நேர்ல பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன், அன்னிக்கு நூறு வேலை."

சிவந்த கண்ணை நலமான கண் என்று செயலி எடுத்துக்கொண்டதா? அப்படியென்றால் மருந்து செலுத்தும் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் இது தவறாகச் சொல்லுமே. ஆவலோடு அவர்களை மட்டும் பிரித்தெடுத்தேன். ஒரு கை விரலுக்குள் அடங்கினார்கள். எங்கள் முகாமுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திரி வைப்பவர்கள், லேபிள் ஒட்டுபவர்கள், பெட்டி கட்டுபவர்கள். மருந்து அறைப் பெண்கள் அவ்வளவு பேர்தான். அவர்களில் சிலருக்குச் சரியாகச் சொல்லியிருந்தது, சிலருக்குத் தவறாக. இந்தச் சிலரை வைத்துக்கொண்டு தவறின் அளவைக் கணித்தால், மற்றவர்களுக்கு இருப்பதுபோலவும் இருக்கலாம், பெரும்பாலோரைத் தவறவிடுவதாகவும் இருக்கலாம் என்று பதில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே எதையும் விலக்க முடியவில்லை.

ஆய்வுக்குழுவின் பேராசிரியருடன் வாராவாரம் வீடியோவில் பேசுவோம். நல்ல ஆராய்ச்சியாளர், பொறுமையாகக் கேட்பார். ஊர்களுக்கு இடையிலான விஷயத்தைச் சொன்னதும் மகிழ்ந்தார், கட்டுரையில் முதன்மையாக வைக்கச் சொன்னார். மருந்து அறைப் பெண்களைப் பற்றிச் சொன்னபோது, அவ்வளவு சின்னக் குழுவைப் பற்றி எதுவும் எழுத முடியாது, அட்டவணையிலிருந்து நீக்கிவிடுவதுதான் நேர்மை என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நானே மாணவர்களிடம் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீக்கிவிட்டால் அட்டவணையைப் படிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. இதைச் சொன்னேன். யோசிப்போம் என்றார்.

அக்காவிடம் உள்ளதைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. தங்கை வீடு திரும்பியிருந்தாள். கீரையும் பேரீச்சம்பழமும் மாத்திரையுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். அக்கா எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். ஊருக்கு ஊர் செயலி பாரபட்சம் பார்க்கவில்லை, உங்கள் ஊரில் நோய் அதிகம் என்பதால் பச்சையின் மதிப்பு குறைகிறது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். முழுதாக நம்பினார் என்று சொல்ல முடியாது. பிறகு தங்கையின் விஷயம். மருந்து அறைக்காரர்களுக்கு இது தவறாகச் சொல்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆள் மிகக் குறைவு என்றேன்.

"அதான் ஒருத்தி விழுந்துட்டாள்ல. இன்னும் எத்தன பேரு விழணும்?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "அக்கா, ஒரு லோடுல நாலு சக்கரத்த எடுத்துக் கொளுத்திப் பாக்குறீக. ஒண்ணு நமத்துப் போச்சு. லோடு முழுக்க நமத்துப் போச்சுன்னு சொல்லுவீகளா?"

"சொல்ல மாட்டோம்" என்றார். சோடா பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆனா அனுப்பவும் மாட்டோம்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். எனக்கும் உறைத்தது. நான் விடாமல், சீசன் நேரத்திலும் அனுப்ப மாட்டீர்களா என்று கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீசன்ல அனுப்பிருவாக. அப்ப யாரு பாக்குறா" என்றார். தங்கையும் சிரித்தாள். அந்த வீட்டில் அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சோதனை முடிந்த பிறகு மஞ்சள் வந்தவர்களுக்கு மட்டுமே ரத்தம் எடுப்பதாக இருந்தது. அன்றே டாக்டர் தன் கிளினிக் அளவில் ஒரு முடிவெடுத்தாள். மருந்து அறையில் வேலை செய்கிறவர்களுக்கும், யாராயிருந்தாலும் கண் சிவந்திருப்பவர்களுக்கும் செயலியைக் காட்டுவதில்லை, நேராக ஊசிதான். நிரூபணம் இல்லையே என்றேன். நிரூபணம் வரும் வரை காத்திருக்கும் வேலை உனக்கு, எனக்கில்லை என்றாள்.

ஊருக்கு ஊர் எல்லை வைப்பதா வேண்டாமா என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கணக்கு சொல்லாது. எந்தத் தவறைச் சமமாகப் பகிர்வது என்பதைத் தவறைச் சுமப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் எல்லோரையும் கூட்டினோம். தாயில்பட்டியிலிருந்து அக்காவும் இரண்டு பேரும். அச்சகத்திலிருந்து பைண்டிங் பெண்கள் இருவர். முதலாளி வரவில்லை, மேனேஜரை அனுப்பியிருந்தார். நான் மில்லிலிருந்து நல்ல பருப்பும் கறுப்புப் பருப்பும் கொண்டுபோயிருந்தேன். செய்தித்தாளில் இரண்டு குவியல் போட்டு, ஒன்றில் கறுப்பை அதிகமாகவும் ஒன்றில் குறைவாகவும் கலந்து, ஒரே மாதிரி தவறு செய்து பொறுக்கிக் காட்டினேன். வகுப்பில் இவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை.

தாயில்பட்டிக்கு மட்டும் எல்லையைத் தளர்த்தினால் மஞ்சள் கூடுதலாக வரும், பச்சையை நம்பலாம் என்றேன். அக்காவுக்குச் சம்மதம். ஊசிக்கு யாரும் பயப்படவில்லை, பச்சைக்குத்தான் பயம் என்றார். முடிந்தது என்று நினைத்தபோது பைண்டிங் பெண்களில் இளையவள், அதுவரை பேசாதிருந்தவள், கேட்டாள்.

"மேடம், எனக்கு ரத்தம் கம்மியா இருந்து பச்சை வருதுன்னு வைங்க. இதே கண்ணோட நான் தாயில்பட்டியில இருந்தா மஞ்சள் வந்திருக்கும். அப்படித்தான?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கு மஞ்சள் கெடைக்காம போனது திருத்தங்கல்ல வேலை பாக்குறதுனாலயா?"

அதற்கும் ஆமாம்தான். சமமாக்கப் போய் நான் ஒரே கண்ணுக்கு இரண்டு பதில் வைக்கும் இடத்துக்கு வந்திருந்தேன். அறையில் எல்லோரும் பேசினார்கள். கூட வந்த பெரியவள், வீணாக மஞ்சள் வந்தால் வேலை கெடும், சீசனில் ஒரு நாள் போனால் அடுத்த நாள் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்றாள். சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் அப்படியெல்லாம் இல்லை என்றார். இளையவள் விடவில்லை, ஒரே எல்லைதான் வேண்டும் என்றாள். அக்கா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியைக் கண்டுபிடித்தது டாக்டர்தான். மஞ்சள் வந்தால் ஏன் அவர்கள் கிளினிக்குக்கு வர வேண்டும், நர்ஸ் அச்சகத்துக்கே போய் டீ இடைவேளையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துவந்தால் என்ன என்றாள். வீண் மஞ்சள் வீணாகவே இருக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை குறைந்துவிடும். அப்படியானால் இரண்டு ஊருக்கும் ஒரே எல்லையை வைத்து, அதைத் தளர்த்திவிடலாம். தவறவிடுவது இரண்டு பக்கமும் குறையும். சமமின்மை போகாது, ஆனால் யாருக்கும் அதிகம் வலிக்காத இடத்துக்கு நகரும். மேனேஜர் முதலாளியிடம் போனில் பேசினார். காலண்டர் சீசன் முடியட்டும் என்றார் முதலாளி. டாக்டர் போனை வாங்கி, மயங்கி விழுந்த பெண்ணின் கதையைச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். சாப்பாட்டு நேரத்தில் வந்துகொள்ளுங்கள், டீ நேரம் வேண்டாம் என்று இறங்கிவந்தார்.

அந்த ஏற்பாடு நடக்கிறது. குறை இல்லாமல் இல்லை. சில வாரங்கள் நர்ஸ் வர முடிவதில்லை. அச்சகத்தில் சிலர் ஊசியைப் பார்த்ததும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறார்கள். கேள்வி கேட்ட இளையவளுக்கு இந்தத் தடவை மஞ்சள் வந்து, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று ஆனது. தனக்கு வீணாகப் போனதில் வருத்தமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

கட்டுரையும் எழுதி முடித்தோம். மருந்து அறைப் பெண்களின் வரிசையை நீக்க வேண்டாம், வைத்துவிட்டு, சொல்லப் போதிய தரவு இல்லை என்று எழுதலாம் என்பதற்குப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அதோடு, தெரியாத இடத்தில் செயலியைப் பயன்படுத்தாதீர்கள் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். இதழுக்காகப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த வரிசை எதற்கு, அதில் முடிவே இல்லையே என்று கேட்டார். முடிவு இல்லை என்பதே அதில் உள்ள செய்தி என்று பதில் எழுதினோம்.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் கண் சிவந்த பெண்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். டாக்டரோ மருந்து அறைகளில் பொடி கண்ணில் படாதபடி பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு கம்பெனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் வென்றால் எனக்கு விடை கிடைக்காது. அவள் வெல்ல வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். ஆனாலும் விடை என்னவாக இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அச்சான பிரதியை அக்காவிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. தன் தங்கை மாதிரியானவர்கள் எந்த இடத்தில் என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். மற்ற கட்டங்களில் எண்கள் இருக்க, அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது.

"ஏன் ஒண்ணும் எழுதல?"

"தெரியலக்கா. தெரியலன்னு எழுதியிருக்கோம்."

அந்தக் கோட்டின் மேல் தன் விரலை ஓட்டினார். பிறகு, வெம்பக்கோட்டைப் பக்கம் அவருக்குத் தெரிந்த இரண்டு வேன்காரர்கள் இருக்கிறார்கள், அந்தக் கம்பெனிகளில் மருந்து அறைக்கு ஆள் நிறைய என்றார். கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் ஊசி வலிக்காமல் போடும் நர்ஸைக் கூட்டிவர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

போன வாரம் காலையில் தூறல். டாக்டர் போன் செய்வதற்கு முன்னால் அக்கா போன் செய்துவிட்டார். வெம்பக்கோட்டை அணைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் வேன் நின்றது. உள்ளே மருந்து அறைப் பெண்கள் சேலை முந்தியைத் தலையில் போட்டுக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முன்சீட்டில் இருந்து இறங்கி எனக்கு இடம் விட்டு, தான் பின்னால் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.